இருபத்தாறு வேண்டும்

கேட்பதற்கு உரிமம் வேண்டாம்.
பேசுவதற்குத்தான்.

எட்டு மாதம் கேட்டேன்.
கோடியாக் தீவில், மீன் ஆலையின் பின்கட்டு விடுதியில்,
மேல் கட்டிலில் குப்புறப் படுத்து,
நண்டுப்படகுக்காரர் ஒருவர் பழசென்று கழித்த பெட்டியில்
யார் யாரோ யார் யாருக்கோ
தங்கள் ஊர் வெயிலைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
மைக் ஆணியில் தொங்கியது.
பொத்தானைத் தொட்டுப் பார்ப்பேன்.
அழுத்த மாட்டேன்.

கேள்விகளை அட்டையில் எழுதி
மீன் போடும் பிளாஸ்டிக் பைக்குள் இட்டு
வெட்டுமேசை விளிம்பில் செருகினேன்.
ஒரு சால்மனுக்கு ஒரு கேள்வி.
மின்னழுத்தம் பன்னிரண்டு, மின்னோட்டம் மூன்று,
மின்தடை எத்தனை?
நாலு. அதற்குள் அடுத்த மீன்.
எதிர்ப்பக்கம் நின்ற ஹெர்மொஹேனா
இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திக் கேட்பாள்.
அவளுக்கு வானொலியும் ஒன்றுதான், வாணலியும் ஒன்றுதான்.
இரவு ஷிப்டில் எங்கள் இருவருக்கும் தூக்கம் வரக்கூடாது,
அவ்வளவே.

ஜூலையில் தேர்வு. தீயணைப்பு நிலையத்தின் மாடி.
தேர்வாளர் மூவர்: ஆணி விற்கும் பெஸ்ட்ரிகோஃப்,
பல் மருத்துவர் ஒருத்தி,
கடைசிவரை கோட்டைக் கழற்றாத ஒருவர்.
துணைக்கு வந்த ஹெர்மொஹேனாவும்
சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று
படிக்கட்டிலேயே கைபேசியில் ஏதோ பதிந்து
பணம் கட்டி ஒரு தாள் வாங்கிக்கொண்டாள்.

முப்பத்தைந்து கேள்வி. இருபத்தாறு சரியாக வேண்டும்.
நான் இருபத்தைந்து.
அவள் முப்பத்தொன்று.

மூன்று பேரும் தனித்தனியே என் தாளைத் திருத்தினார்கள்.
மூன்று முறையும் அது இருபத்தைந்தாகவே இருந்தது.

"எனக்கெதற்குடி இது" என்று வழியெல்லாம் சொல்லி வந்தாள்.
பத்தே நாளில் அவளுக்கு அழைப்புக்குறி வந்தது.
"நான் பக்கத்தில் உட்கார்கிறேன், என் குறியில் நீ பேசு.
சட்டம் விடுகிறது.
நான் உன்னிடம் கேட்ட கேள்விதானே அது?"
அந்தக் கேள்வியில்தான் நான் தவறியிருந்தேன்.
வேண்டாம் என்றேன்.
இரண்டு நாள் அவளிடம் உப்புக்கூடக் கேட்கவில்லை.

செப்டம்பரில் மறுபடி.
இருபத்தொன்பது.
அரசுப் பட்டியலில் என் குறி ஏறிய அன்று
கையுறை முழுக்க ரத்தம்.
மூக்கால் திரையை நகர்த்திப் படித்தேன்:
இரண்டு எழுத்து, ஓர் எண், மறுபடி மூன்று எழுத்து.

விடுதிக் கூரைக்கும் கொடிக்கம்பத்துக்கும் நடுவே
செம்புக்கம்பி. பக்கத்துக்கு எட்டடி மூன்றங்குலம்.
முதலில் நீளமாகவே விட்டிருந்தேன்,
குறைக்கலாம், வளர்க்க முடியாது.

பொத்தானை அழுத்தினேன்.
அழுத்தியதும் சொல்ல எதுவுமில்லை.
எட்டு மாதம் சேர்த்ததெல்லாம் எங்கே போயிற்றோ.
குறியை மட்டும் சொன்னேன். விட்டேன். இரைச்சல்.
மறுபடி. இரைச்சல்.
கீழ்க்கட்டிலிலிருந்து ஹெர்மொஹேனா:
"ஏலம் போடுகிற மாதிரி சொல்லாதே, மெதுவாய்ச் சொல்லு."
மெதுவாய்ச் சொன்னேன்.

ஒரு குரல், தண்ணீருக்கடியில் பேசுவதுபோல்.
ஜப்பான். குஷிரோ. பெயர் தொகுஜி.
என் ஆங்கிலத்தைவிட அவருடையது
கொஞ்சம் கூடுதலாகக் கிழிந்திருந்தது.
பெயரை எழுத்தெழுத்தாய்க் கேட்டார்.
லீமா, யூனிஃபார்ம், ஸூலு.
ஒரு நகரம், ஒரு சீருடை, ஓர் இனம்,
கூட்டினால் லூஸ், நான்.

"உங்கள் வேலை?"
"மீன்" என்றேன்.
கொஞ்சம் இரைச்சல். பிறகு சிரிப்பு.
"நானும் மீன்."

என்ன மீன் என்று கேட்பதற்குள்
குரல் அமிழ்ந்துவிட்டது.

பதிவேட்டைத் திறந்தேன்.
எனக்கு மாலை நாலு பத்து.
அவருக்கு மறுநாள் காலை ஒன்பது பத்து.
நோட்டில் எழுத வேண்டியதோ உலக நேரம்,
நள்ளிரவு கழிந்து பத்து நிமிடம்,
நாங்கள் இருவருமே இல்லாத ஒரு மணி.
குறிப்பு என்ற கட்டத்தில்: மீன்.

கீழ்க்கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டது.
"அந்த மைக்கை இப்படிக் கொடு."